எல்லையைத் தின்ற எருமை

கொக்காடிப்பட்டி ஒச்சம்மாளின் எருமை, மாநகராட்சியின் எல்லைக் கல்லைத் தின்றுவிட்டது என்ற செய்தி ஊருக்குள் பரவியபோது ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. உப்பைத் தடவி வைத்தால் தின்னாமல் அது என்ன செய்யும் என்றுதான் கேட்டார்கள், கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தப் பக்கத்தில் மாடு தீனி எடுக்காமல் மந்தமாக நின்றால் நாக்கை வெளியே இழுத்து உப்பும் மஞ்சளும் வைத்துத் தேய்ப்பார்கள். அதற்குத் தாடையைப் பிடிக்க ஒரு ஆள், தேய்க்க ஒரு ஆள் வேண்டும். ஒச்சம்மாளின் புருஷன் காசிமாயனோ திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்த் தீபாவளிக்குத் தீபாவளி முகம் காட்டுகிற மனுஷன். ஆள் இல்லாத வீட்டில் வழவழப்பான ஒரு கல்லில் உப்புத் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் பூசி மாட்டுக்கு முன்னால் போட்டுவிடுவது வழக்கம், நக்கி நக்கி அதுவே பசியை வரவழைத்துக்கொள்ளும். அப்படி ஒரு கல்லை அவள் தேடிக்கொண்டிருந்த நாளில்தான், பக்கத்து மாநகராட்சி தன் எல்லையை நீட்டிக்கொண்டு வந்து, கொக்காடிப்பட்டியைப் பனம்பழம் மாதிரி இரண்டாகப் பிளந்து, சுண்ணாம்பு அடித்து அம்புக்குறி போட்ட ஒரு கல்லை அவள் தொழுவத்து வாசலிலேயே நட்டுவிட்டுப் போனது. அரசாங்கம் இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்காமலே ஒரு உதவி செய்திருக்கிறது என்று ஒச்சம்மாள் நினைத்தாள். நினைத்தவள் வெள்ளிக்கிழமை தவறாமல் அதில் உப்பும் பாகும் பூசினாள்.

எருமைக்குச் சுட்டி என்று பெயர், நெற்றியில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்ததால். சுட்டி முதலில் சுண்ணாம்பை நக்கியது, பிறகு எழுத்தை நக்கியது, பிறகு அம்புக்குறியை நக்கியது, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நக்கி நக்கிக் கல்லை இடுப்பளவிலிருந்து முழங்காலளவுக்கும், முழங்காலளவிலிருந்து மாங்கொட்டையளவுக்கும் கொண்டுவந்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அந்தக் கொட்டையையும் லபக்கென்று விழுங்கி, ஒரு தொட்டித் தண்ணீரைக் குடித்து ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்தோடு மாநகராட்சியின் எல்லை மண்ணைவிட்டு எருமைக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து சுட்டி எங்கே நின்றதோ அங்கேதான் எல்லை. அதன் கண்ணுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ஊராட்சி, அதன் வாலுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் மாநகராட்சி.

ஊர்க்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டி சுட்டி பார்க்கிற தெருவுக்குள் நுழைந்ததும் பாட்டு நின்று, டிரைவருக்கு அங்கே தனக்கு என்ன வேலை என்று மறந்துபோனது. வாலுக்குப் பின்னால் இருந்த சேவல்கள் அலாரம் அடிக்கும்வரை பொறுத்திருந்து கூவின, கண்ணுக்கு முன்னால் இருந்த சேவல்கள் இஷ்டத்துக்குக் கூவின. நூறு நாள் வேலைக்கு ஆள் எடுக்கிற அன்றைக்குப் பெண்களெல்லாம் சுட்டியின் மூக்குக்கு நேரே வரிசைகட்டி நின்றார்கள், ஏனென்றால் அந்த வேலை ஊராட்சிக்காரருக்கு மட்டும்தான், டவுன்காரருக்குக் கிடையாது. வீட்டுவரி போட ஆள் வருகிறான் என்றால் "ஏ ஒச்சு, சுட்டிய எங்க வீட்டப் பாக்கக் கட்டு ஆத்தா" என்பார்கள். குழாயில் தண்ணீர் விடுகிற நேரமென்றால் "கொஞ்சம் வாலத் திருப்பு ஆத்தா" என்பார்கள். டவுன் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பெண் வீட்டார் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக்கு முதுகைக் காட்டிச் சுட்டியைக் கட்டி வைத்து, வெற்றிலை பாக்கு மாற்றி முடித்த கையோடு திருப்பிக் கட்டினார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், கொக்காடிப்பட்டியில் எருமைக்குக் கொண்டாட்டம். கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா, ஆளுக்கொரு கட்டு அகத்திக்கீரை கொண்டு வந்ததில் சுட்டி அந்த வருஷம் கொழுகொழுவென்று ஆனது.

இதில் வயிறு எரிந்தது ஒருவருக்குத்தான். புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில், தொழுவத்துக்கு அடுத்த சுவரில், மாடி வீடு கட்டிக் குடிவந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சாம்பசிவம் அவர். காலையில் ஒச்சம்மாளிடம் எருமைப்பால் வாங்கிக் கெட்டியாகக் காபி குடித்துவிட்டு, அதே காபி நாக்கில் இருக்கும்போதே ஜன்னலைச் சாத்தி "சாணி நாத்தம், சாணி நாத்தம்" என்கிற ரகம். அதையாவது பொறுத்துக்கொண்டிருந்தார். சுட்டி அவ்வப்போது தலையைத் தூக்கிக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக அவர் வீட்டைப் பார்க்கும், பார்த்த கணத்தில் அது மாநகராட்சி வீடாக இல்லாமல் ஊராட்சி வீடாகிப் பாதி மதிப்பு இறங்கிவிடும், அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவர் மாநகராட்சிக்கு மனு மேல் மனு போட்டார். குடியிருப்புப் பகுதியில் வீட்டை ஒட்டித் தொழுவமோ ஆடு, கோழி வளர்ப்போ கூடாது, மீறினால் கால்நடையைப் பிடித்து எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடவேண்டும் என்பது விதி.

விதியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் சுகாதார ஆய்வாளர் ஞானதுரை. கெட்டவர் இல்லை, பாவம், விதி என்று ஒன்று இருந்தால் அதைச் செய்துதான் ஆகவேண்டும் என்று நம்புகிற மனிதர், அந்த மாதிரி ஆட்களிடம்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. முதல் தடவை அவர் விவரம் தெரியாமல் சுட்டிக்கு முன்பக்கமாக வந்தார். அது நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான், அவர் அதிகாரமெல்லாம் வடிந்து ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு நின்றார், ஒச்சம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு "வர்றேம்மா" என்று கும்பிட்டுப் போனார். அலுவலகத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் புத்தி வந்தது. இரண்டாம் தடவை மாடு பிடிக்கிற வண்டியோடு, சாம்பசிவம் வீட்டுச் சந்து வழியாக, வால் பக்கமாக வந்தார்.

ஒச்சம்மாள் அப்போது புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது கயிறு சுட்டியின் கழுத்தில் விழுந்திருந்தது, பலகை போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஊறிய வாளியை அப்படியே வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வண்டியின் பின்பலகையில் கால் வைத்து ஏறிச் சுட்டியின் பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மா, எறங்கு. ஆளை ஏத்துற வண்டி இல்ல இது," என்றார் ஞானதுரை.

"மாட்ட ஏத்துனீகள்ல, அதுக்குத் தீனி வைக்கிற கையையும் சேத்துத்தான் ஏத்தணும்."

"எல்லைக்கு வெளிய கொண்டுபோய் விடப்போறோம்மா. கொல்லவா போறோம்?"

"எதுக்கு வெளிய? அது பொறந்தது எங்கன, நீங்க வந்தது எப்ப?"

ஞானதுரை வண்டியை எடுக்கச் சொன்னார். ஒச்சம்மாள் சுட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேச்சுக்கு ஒரு துணை என்று அவளுக்கு இருந்தது அந்த எருமை ஒன்றுதான். புருஷன் மேல் உள்ள கோபத்தையெல்லாம் அதனிடம்தான் சொல்வாள், அது காதை ஆட்டிக் கேட்கும். எங்கேயாவது முள்ளுக்காட்டில் இறக்கிவிட்டால் தானும் அங்கேயே குந்திக்கொள்வது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

வண்டி மேற்கே போனது, சுட்டி டிரைவர் கூரைக்கு மேலாகத் தலையை நீட்டி முன்னால் பார்த்துக்கொண்டே வந்தது. ‘மாநகராட்சி எல்லை முடிகிறது’ என்ற மஞ்சள் பலகையைத் தாண்டியதும் இறக்கிவிடலாம் என்று ஞானதுரை சொல்லியிருந்தார். ஆனால் பலகை தாண்டவிடவில்லை. வண்டி பக்கத்தில் வந்ததும் அது தன் இரண்டு இரும்புக் காலையும் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து ஓடை தாண்டுகிற பொம்பளை மாதிரி, எட்டு எடுத்து வைத்து முன்னால் போய் நின்றது. வண்டி போகப் போக அதுவும் போனது. "நிப்பாட்டி இங்கனயே எறக்கிருவோமா சார்?" என்று டிரைவர் கேட்டதற்கு, ஞானதுரை கீழே இறங்கி நின்று சுட்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "பின்னங்கால் ரெண்டும் இன்னும் நம்ம எல்லைக்குள்ளதான்யா இருக்கு. வெளியன்னா முழுசா வெளிய இருக்கணும்" என்றார். விதி அப்படி. வண்டி கருவேலங்காட்டைத் தாண்டியது, சில்லாம்பட்டியைத் தாண்டியது, ஆவாரங்குளத்தைத் தாண்டியது, தாண்டிய ஊரெல்லாம் சுட்டியின் வாலுக்குப் பின்னால் போய் ஒவ்வொன்றாக மாநகராட்சி ஆனது.

சில்லாம்பட்டியில் ஒருவர் வேப்பமரத்தடியில் சவரம் செய்துகொண்டிருந்தார், ஒரு கன்னம் ஊராட்சியிலும் மறு கன்னம் மாநகராட்சியிலும் முடிந்தது, கண்ணாடியைத் தள்ளி வைத்துவிட்டு "அப்ப எங்க தெருவுக்கு லைட்டு எப்ப வரும்?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டார். ஆவாரங்குளம் கண்மாயில் நூறு நாள் வேலையாக மண் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் தலைச்சுமையை இறக்குவதற்குள் வேலை இல்லாமல் போனது. மேற்பார்வை பார்த்தவர் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், பெண்கள் மண்வெட்டியோடு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். அது மட்டுமா, இப்போது அந்த ஊர்களில் இருந்த ஆடும் மாடும் கோழியும் பன்றியும் ஒரே மூச்சில் விதியை மீறிய பிராணிகள் ஆகிவிட்டன. வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி முதற்கொண்டு ஞானதுரை பிடித்துக்கொண்டு போகவேண்டிய சாமான். ஊரே தன் உயிரினங்களை ஓட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் பின்னாலேயே வந்தது.

மொட்டைக் கரட்டு அடிவாரத்தில் பாதை முடிந்தது. மஞ்சள் பலகை ஒரு பாறைமேல் ஏறி, இனி எனக்கு முடியாது என்பதுபோல் சாய்ந்து நின்றது. ஞானதுரையின் கைப்பேசி விடாமல் அடித்தது, அந்தப் பக்கம் மாநகராட்சி ஆணையர். "எங்கய்யா போய்க்கிட்டு இருக்க? மேப்புல கரடு வரைக்கும் நம்ம ஏரியான்னு காட்டுது. இத்தனை ஊருக்கும் குப்பை வண்டிக்கு நான் எங்கய்யா போவேன்?" என்று அவர் கத்தியது ஒச்சம்மாளுக்கே கேட்டது. ஞானதுரை "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிவிட்டு அவளிடம் வந்தார்.

"ஏம்மா, ஒனக்கு நல்ல காலம். ஒன் எருமைக்கு மட்டும் விலக்குக் குடுத்துரச் சொல்லிட்டாரு. பேசாம வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய எடத்துலயே கட்டிக்க. இனி யாரும் கேக்க மாட்டாங்க."

ஒச்சம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கேட்டது அவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது. சுட்டியின் கழுத்தைத் தடவி "வாடி போவோம்" என்று அவள் கயிற்றைக் கையில் எடுத்தபோது, கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். ஆவாரங்குளத்துப் பவுனுத்தாய், கையில் மண்வெட்டி, காலைச் சுற்றி வெள்ளாடுகள்.

"நீ போயிருவ தாயி," என்றாள். "ஒன் எருமை வந்த வழியிலதான் எங்க வேல போச்சு. எங்க ஆடெல்லாம் குத்தவாளியாயிருச்சு. இதுக்கு முன்னால நாங்க ஒன்ன கண்ணுலகூடப் பாத்ததில்ல. அப்படி என்ன பாவம் செஞ்சோம் ஒனக்கு?"

அந்தக் கேள்வி ஒச்சம்மாளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கோபம் பவுனுத்தாய் மேல் வரவில்லை. உன்னுடையது உனக்கு, வாயை மூடிக்கொண்டு போ என்று சொல்கிறவர்கள்மேல், அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தன்மேல் வந்தது.

"சார், இவுக ஆட்டுக்கு?"

"அது விதிப்படிதான்மா நடக்கும்."

"அப்ப எனக்கும் விதிப்படியே நடக்கட்டும். ஒங்க விலக்க நீங்களே வச்சுக்கங்க." அவள் வண்டிப் பலகையைத் தானே இழுத்துப் போட்டுச் சுட்டியை இறக்கினாள். இறக்கி, அதன் முகத்தைக் கிழக்கே திருப்பினாள்.

"எங்க போற?" என்றார் ஞானதுரை.

"விதிய எழுதுற எடத்துக்கு. வாங்க எல்லாரும். எருமைக்கு முன்னால நடங்க, பின்னால நிக்காதீக."

அப்படித்தான் அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் வெள்ளாடும் செம்மறியும் பசுவும் கன்றும், கூடையில் கோழிகளும், மண்வெட்டியும் குடமுமாகப் பெண்கள், தோளில் துண்டும் வாயில் வசவுமாக ஆண்கள், இவர்களுக்கெல்லாம் பின்னால் எருமை நடை என்றால் என்ன என்று காட்டிக்கொண்டு சுட்டி, அதன் கயிற்றைப் பிடித்தபடி ஒச்சம்மாள். எருமையை யாராலும் அவசரப்படுத்த முடியாது, அன்றைக்கு அவசரமும் இல்லை. கொக்காடிப்பட்டி வந்தபோது அந்த ஊரும் சேர்ந்துகொண்டது. சாம்பசிவம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "பாலு?" என்று மெதுவாகக் கேட்டார், ஊர்வலம் நடந்துகொண்டே இருந்தது. பைபாஸ் ரோட்டைத் தாண்டி, மேம்பாலத்தில் ஏறி, சுட்டி டவுனை நேருக்கு நேர் பார்த்தது. அது பார்க்கப் பார்க்க, ஜவுளிக்கடைத் தெருவும் ஆஸ்பத்திரித் தெருவும் பஸ் ஸ்டாண்டும் ஊராட்சி ஆயின.

டவுன்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்றுதான் ஒச்சம்மாள் நினைத்தாள். நடந்தது வேறு. முதலில் ஒரு அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் ஒரு சேவல் கூவியது. அந்த வீட்டுக்காரர் அதைக் குளியலறையில் ஒளித்து வைத்து, கூவும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தை மறைத்து வளர்த்துவந்தவர். இனி ஒளிக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். எதிர்வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வாத்துகள் வந்தன. ஒரு வழக்கறிஞர் வீட்டுக் கார் செட்டிலிருந்து காருக்குப் பதிலாகக் கிடாய் வந்தது. நர்ஸ் ஒருத்தி துப்பட்டாவுக்குள் முயலோடு வந்தாள். இத்தனை வருஷமாக ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தர் ஊட்டி வளர்த்த பிராணிகள் அத்தனையும் வெயிலில் வந்து நின்று கண்ணைச் சுருக்கின, வளர்த்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து "அட, நீங்களுமா?" என்று சிரித்தார்கள். டிராபிக் போலீஸ்காரர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கன்றுக்குட்டிக்குத் தன் தொப்பியில் தண்ணீர் பிடித்துக் காட்டினார். ஒச்சம்மாள் வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். எத்தனை பேர் எத்தனை ஆசையை இப்படிக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தாங்கவில்லை.

மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒச்சம்மாள் சுட்டியைக் கொடிக்கம்பத்தில், கிழக்கே வாசலைப் பார்த்த மாதிரி, கட்டினாள். சுட்டி கட்டடத்தை அடிமுதல் நுனிவரை ஒரு பார்வை பார்த்தது. உள்ளே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் எந்த மேஜையிலும் எந்தக் கையெழுத்தும் பிடிக்கவில்லை. ஆணையர் வெளியே வந்தார். அவருக்கு என்ன ஆயிற்று என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, விளங்கியதும் கெட்டிக்காரர் என்பதால் சிரித்தார்.

"ஏம்மா, நீ சரியா யோசிக்கல. ஒன் எருமைக்கு முன்னால இருக்குறதுதான ஊராட்சி? பின்னால திரும்பிப் பாரு. கொக்காடிப்பட்டி, ஆவாரங்குளம், கரடு வரைக்கும் எல்லாம் இப்ப எங்க மாநகராட்சி."

"ஆமா சார். ஒங்களோடதுதான்," என்றாள் ஒச்சம்மாள். "ஆனா அத ஆளுற ஆபீசு இப்ப எங்க ஊராட்சிக்குள்ள இருக்கே. இங்கன குந்திக்கிட்டு அங்க யாருக்கு நோட்டீஸ் ஒட்டுவீக?"

கூட்டம் ஓவென்று கூவியது. ஞானதுரை, இத்தனை தூரமும் எருமையோடு கூடவே நடந்து வந்தவர், அதை மனதுக்குள் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "விதிப்படி அந்தம்மா சொல்றது சரிதான் சார்" என்றார். ஆணையரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னதான் வேணும் ஒனக்கு? விலக்குக் குடுத்தாச்சே."

"விலக்கு வேணாம் சார். விதிய எடுங்க."

அவர் முடியாது என்றார், மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார், குழு அமைக்க வேண்டும் என்றார், ஊராட்சிக்குள் நின்றுகொண்டு எதையும் தன்னால் எடுக்கவும் முடியாது போடவும் முடியாது, எருமையைக் கொஞ்சம் திருப்பிக் கட்டினால் ஆணையராக மாறி உடனே கையெழுத்துப் போட்டுத் தருவதாக நயமாகவும் சொன்னார். இந்த வலையில் விழ ஒச்சம்மாள் ஆள் இல்லை. திருப்பிக் கட்டினால் அவர் முதலில் எதில் கையெழுத்துப் போடுவார் என்று அங்கே நின்ற ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. போகவும் முடியாது, அவள் கயிற்றை அவிழ்த்தால் அத்தனை பேருடைய ஆடும் மாடும் சேவலும் திரும்பவும் குற்றவாளிகள். தொழுவம் அங்கே காலியாகக் கிடக்கிறதே, வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லையே என்று சில நேரம் அவள் மேற்கே திரும்பிப் பார்ப்பாள், அப்போது பவுனுத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆளுக்கு ஒரு வேளை சோறு கொண்டுவந்தார்கள், அலுவலகப் புல்தரையைச் சுட்டி பார்த்துக்கொண்டது. அலுவலகத்தின் குமாஸ்தாக்கள் வேலை இல்லாமல் வெளியே வந்து, கொஞ்ச நாளில் சாணி தட்டவும் பால் கறக்கவும் ஓரளவு தேறினார்கள்.

ஆணையர் மட்டும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து படியில் நின்று, இவளும் ஒரு நாள் அலுத்துப் போவாள் என்று காத்திருந்தார். பெரிய ஆட்களுக்குக் காத்திருப்பது ஒரு ஆயுதம், எதிரே நிற்கிறவர்களுக்கு வீடு வாசல் ஞாபகம் வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் அவர் படியிறங்கிப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, உண்மையிலேயே கவலையோடு கேட்டார்.

"ஏம்மா, இன்னும் எத்தன நாளைக்கு?"

ஒச்சம்மாள் சுட்டியைப் பார்த்தாள். அது கண்ணைத் திறந்தபடி, அவசரமே இல்லாமல், தாடையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது.

"அசை போட்டுக்கிட்டு இருக்கு சார். முடிக்கட்டும்."

"முடிச்சப்புறம்?"

"மறுபடியும் மேயும்," என்றாள் ஒச்சம்மாள்.